பயங்கரப் பல்லியின் பாட்டு

வாதாபியின் கதை நமக்கெல்லாம் தெரியும். ஆட்டு உருவம் எடுத்து, கறியாக வெந்து, அகத்திய முனிவரின் வயிற்றுக்குள் போனான். முனிவர் வயிற்றைத் தடவிக் கொடுத்தார், அசுரன் ஜீரணமானான். 1853-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி இரவு, லண்டன் நகரத்துக்குத் தெற்கே சிடன்ஹாம் என்ற இடத்தில் இந்தக் கதை தலைகீழாக நடந்தது. முனிவர்கள் அசுரனின் வயிற்றுக்குள்ளே போனார்கள். போனவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சூப்பில் ஆரம்பித்துப் பழம் வரையில் ஒரு கை பார்த்தார்கள். பிறகு நள்ளிரவு வரையில் பாட்டுப் பாடினார்கள்.

அந்த அசுரனின் பெயர் இகுவானோடான். டைனோசர் வகையைச் சேர்ந்தது. உயிரோடு இருந்த காலத்தில் அது யாரையும் விழுங்கியதில்லை; இலை தழை தின்று காலம் கழித்த சாதுப் பிராணி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மாண்டு கல்லாகிப் போன அந்தப் பிராணிக்கு வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி முழு அளவில் உருவம் சமைத்துக் கொண்டிருந்தார். முதுகுப் பக்கம் இன்னும் மூடப்படவில்லை. பெரிய ஓடம் போல் இருந்த அந்தக் குழிக்குள் மேஜையைப் போட்டு, பெரிய விஞ்ஞானிகளுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் விருந்து வைத்தார். அழைப்பிதழைக் கூட இறக்கைப் பல்லியின் சிறகு போல் வரைந்து அனுப்பியிருந்தார். விளம்பரக் கலை நம் காலத்தில் பிறந்ததாக நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விருந்தில் பாடிய பாட்டைப் புனைந்தவர் கவிஞர் அல்ல. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை விஞ்ஞானி. யுக யுகமாய் மண்ணுக்குள் கிடந்த கிழ மிருகம் மறுபடி எழுந்து வந்துவிட்டது என்பது பாட்டின் கருத்து. பல்லவி வந்தபோதெல்லாம் அத்தனை பேரும் சேர்ந்து கர்ஜித்தார்களாம். இகுவானோடான் மந்தையே வந்து கத்துவது போலிருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பழங்கதையை எதற்காக இப்போது கிளப்புகிறேன் என்று வாசகர்கள் கேட்கலாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், குழந்தைகளைத் தூங்க வைப்பதற்கு முன் தாயோ தகப்பனோ உரக்கப் படிப்பதற்கென்றே, பாட்டாக எழுதிய டைனோசர் படப் புத்தகங்கள் பல இருக்கின்றன. அளவில் பெரிய தாள், தாளுக்கு ஒரு படம், படத்துக்கு அடியில் இரண்டு வரியோ நாலு வரியோ பாட்டு. நம் ஊர்ப் பெரிய புத்தகக் கடைகளிலும் அவற்றைப் பார்க்கலாம். அந்தப் புத்தகங்களுக்கெல்லாம் கொள்ளுப்பாட்டன், மிருகத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்து அன்று பாடிய பாட்டுத்தான் என்பது என் கட்சி. பயங்கரமான பிராணி, அதன் பெரிய உருவம், சத்தம் போட்டுப் பாட ஒரு பல்லவி, பாடுகிறவர்களுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம் - நாலும் அன்றைக்கே கூடிவிட்டன. பாடியவர்களின் வயது ஒன்றுதான் கொஞ்சம் அதிகம்.

ஆனால் அந்த விருந்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்திருக்க வேண்டும். கிடியன் மாண்டல் என்ற வைத்தியருடைய நாற்காலி அது. இங்கிலாந்தின் தென்கோடியில் ஸஸெக்ஸ் மாகாணத்தில் நோயாளிகளைப் பார்த்துப் பிழைத்தவர். கல் பொறுக்குவது அவருக்குப் பைத்தியம். 1820-க்குப் பிறகு அவர் கைக்குச் சில பற்கள் வந்தன. சாலையோரத்தில் அவர் மனைவி கண்டெடுத்ததாக ஓர் அழகான கதை உண்டு. கதை அழகாயிருப்பதாலேயே ஆராய்ச்சிக்காரர்கள் அதைச் சந்தேகிக்கிறார்கள். பெரிய பண்டிதர்கள் "இது காண்டாமிருகத்தின் பல்", "இது மீன் பல்" என்று தள்ளினார்கள். மாண்டல் விடவில்லை. இகுவானா என்ற அமெரிக்கப் பல்லியின் பல்லோடு ஒத்திட்டுப் பார்த்து, 1825-ல் இகுவானோடான் என்று பெயரிட்டார். அதற்குப் பொருள் 'இகுவானாப் பல்' என்பதுதான்.

கல்லைக் கட்டிக்கொண்டு அழுத வைத்தியரிடம் நோயாளிகள் எத்தனை நாள் வருவார்கள்? தொழில் நசித்தது. வீடு பொருட்காட்சி சாலையாக மாறியது; மனைவி விட்டுப் போனாள். 1841-ல் வண்டி விபத்தில் முதுகெலும்பு கெட்டது. வலி தாங்க அபின் சாப்பிட்டு வந்தார். 1852-ல் அந்த அபினே அவர் உயிரைக் குடித்தது. விருந்துக்கு ஓர் ஆண்டு முந்தி இறந்து போனார். அவருடைய வளைந்த முதுகெலும்பை எடுத்து லண்டன் சர்ஜன்கள் கல்லூரியின் காட்சி சாலையில் வைத்தார்கள். வாழ்நாள் முழுதும் பிற பிராணிகளின் எலும்பைச் சேர்த்தவருக்கு அப்படி ஒரு முடிவு.

அந்தக் காட்சி சாலைக்கு அதிகாரியாக இருந்தவர் ரிச்சர்ட் ஓவன். மாண்டலின் ஜன்மப் பகைவர். மகா மேதை, மகா கர்வி. 'டைனோசர்' என்ற சொல்லே அவர் 1842-ல் உண்டாக்கியது; கிரேக்க மொழியில் 'பயங்கரப் பல்லி' என்று பொருள். விருந்தன்று இகுவானோடானின் தலைப் பக்கத்தில், தலைமை ஸ்தானத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓவன்தான். கண்டுபிடித்தவர் மண்ணுக்குள், பெயர் சூட்டியவர் விருந்தின் தலைமாட்டில். நாவலில் இப்படி எழுதினால், செயற்கையாக இருக்கிறது என்று விமர்சகர்கள் குறை சொல்வார்கள்.

இன்னொரு வேடிக்கை. இகுவானோடானின் முன்னங்கால்கள் மெலிந்தவை என்று மாண்டல் கடைசி நாட்களில் கண்டுகொண்டிருந்தார். ஓவனோ காண்டாமிருகம் மாதிரி நாலு தடித்த கால் என்று பிடிவாதம் பிடித்தார். ஹாக்கின்ஸ் ஓவன் சொன்னபடி செய்தார். ஒரு சிலைக்கு அவர் போட்ட கணக்கைப் பாருங்கள்: நாலு இரும்புத் தூண், 600 செங்கல், 900 ஓடு, 38 பீப்பாய் சிமெண்ட். சிறிய வீடே கட்டிவிடலாம். மூக்கின்மேல் ஒரு கொம்பும் வைத்தார். 1878-ல் பெல்ஜியம் தேசத்துப் பெர்னிஸார் என்ற ஊரில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் முழு முழு எலும்புக் கூடுகளாக இகுவானோடான்கள் கிடைத்தபோதுதான் சங்கதி வெளியாயிற்று. அது மூக்குக் கொம்பல்ல, கட்டைவிரல் முள். கட்டைவிரலை எடுத்து மூக்கில் ஒட்டி வைத்திருந்தார்கள்!

1854-ம் வருஷம் ஜூன் மாதம் விக்டோரியா மகாராணி கிரிஸ்டல் பாலஸ் என்ற கண்ணாடி மாளிகையைச் சிடன்ஹாமில் திறந்து வைத்தார். தோட்டத்து ஏரிக்கரையில் ஹாக்கின்ஸின் பிராணிகள் நின்றன. ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு ரயிலேறி வந்து பார்த்தார்கள். டைனோசர் குழந்தைகளுடைய சொத்தானது அன்றைக்குத்தான். ஹாக்கின்ஸ் அதே உருவங்களைச் சின்னஞ்சிறிதாகச் செய்து விற்றார்; பள்ளிக்கூடச் சுவரில் மாட்டப் படங்களும் அச்சிட்டார். இன்று கடையில் தொங்கும் பிளாஸ்டிக் டைனோசர்களின் வம்சமூலம் அதுதான். 1936-ல் கண்ணாடி மாளிகை தீப்பற்றி அழிந்தது. சிலைகள் பிழைத்துக்கொண்டன. மூக்குக் கொம்போடு இன்றும் நிற்கின்றன.

அடுத்த அத்தியாயம் அமெரிக்காவில். அங்கே பாலைவனங்களைத் தோண்டத் தோண்ட ராட்சஸ எலும்புகளாக வந்தன. கோடீசுவரர் ஆண்ட்ரூ கார்னகி டிப்ளோடோகஸ் எலும்புக் கூட்டின் நகலை 1905-ல் லண்டன் காட்சி சாலைக்குத் தந்தார். அதே ஆண்டில் டைரனோசாரஸ் ரெக்ஸ் என்ற பெயரும் பிறந்தது. 'கொடுங்கோல் பல்லி மன்னன்' என்று மொழிபெயர்க்கலாம். பெயரைக் கேட்டவுடனே குழந்தைகள் குடிகளாகிவிட்டார்கள்.

ஸ்டெகோசாரஸ் என்ற பிராணிக்கு மூளை மிகச் சிறியது. இடுப்பெலும்பில் பெரிய குழி ஒன்று இருந்ததைக் கண்டு, அங்கே இரண்டாவது மூளை இருந்திருக்குமோ என்று பேசிக்கொண்டார்கள். பெர்ட் லெஸ்டன் டெய்லர் என்ற சிகாகோ பத்திரிகைக்காரருக்கு இது போதாதா? முன்னும் பின்னும் மூளையுள்ள மிருகத்தைப் பற்றி நகைச்சுவைக் கவிதை ஒன்று எழுதினார். இடுப்பில் மூளை இல்லை என்று விஞ்ஞானிகள் பிற்பாடு தீர்மானித்தார்கள். கவிதையை மட்டும் ஜனங்கள் விட்டபாடில்லை. எதுகை ஒட்டிக்கொண்ட பொய்யை நினைவிலிருந்து கழற்றுவது வெகு சிரமம்.

குழந்தைகளுக்கு நேரே கொடுப்பதற்குப் பாட்டு எவ்வளவு பெரிய கருவி என்பதை 1957-ல் டாக்டர் சூஸ் என்ற புனைபெயர்க்காரர் காட்டினார். தொப்பி போட்ட பூனையைப் பற்றி 236 வெவ்வேறு சொற்களை மட்டும் வைத்து ஒரு பாட்டுப் புத்தகம். பள்ளிப் பாடப் புத்தகங்களைக் குழந்தைகள் தூர எறிந்துவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு, காட்சி சாலை டைனோசரின் முதுகில் ஏறி ஊர் சுற்றும் டானி என்ற பையனின் கதையை ஸிட் ஹாஃப் எழுதினார். அது வசனம். பாட்டும் டைனோசரும் ஒரே புத்தகத்தில் நன்றாய்ச் சேர்வதற்கு இன்னும் நாளாயிற்று. 1988-ல் ஜாக் பிரலுட்ஸ்கி கவிதை எழுத, ஆர்னால்ட் லோபல் படம் போட்ட நூல் வந்தது. 1994-ல் ஸ்டிக்லண்ட் தம்பதிகளின் கர்ஜிக்கும் டைனோசர். நெட்டை - குட்டை, வலிமை - மென்மை என்று எதிர்ச் சொற்களை ஜோடி சேர்த்துக் கொடுத்த புத்தகம். 2007-ல் ஜூலியா டொனால்ட்ஸன் எழுதியதில், வாத்து மூக்கு டைனோசரின் முட்டை ஒன்று டைரனோசாரஸின் கூட்டுக்குப் போய்விடுகிறது. மாமிசப் பட்சணிகளின் வீட்டில் ஒரு சைவக் குழந்தை பிறந்து படும் பாட்டை நம்மவர்கள் நன்றாய் ரசிக்கலாம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஜேன் யோலன் எழுதி, மார்க் டீக் படம் வரைந்து, 2000-ம் ஆண்டில் வெளியான புத்தகம். டைனோசர்கள் எப்படித் தூங்கப் போகும் என்பதுதான் விஷயம். தாய் தகப்பன் சாதாரண மனிதர்கள். கட்டிலில் படுத்திருக்கிற பிள்ளை மட்டும் கூரையை முட்டும் டைனோசர். தூங்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்குமா, காலை உதைக்குமா, இன்னொரு கதை கேட்குமா என்று கேள்வி கேட்டுக்கொண்டே போகிறது பாட்டு. பிராணிகளின் சாஸ்திரப் பெயர்களையோ பாட்டுக்குள் காணோம். படத்துக்குள், அறையில் எங்கேயோ ஒரு மூலையில் ஒளித்து எழுதியிருக்கிறார் டீக். குழந்தை தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டு ஓடிக் கொண்டிருக்கும்போது படிக்கிறவர் மூச்சு முட்டக் கூடாது என்பதில் எவ்வளவு கவனம் பாருங்கள்! உரக்கப் படிப்பதற்கென்று எழுதுவது தனி வித்தை. நாவலைக் கண்ணால் படிக்கிறார்கள். எங்கள் வாக்கியம் நொண்டினாலும் கண் தாண்டிப் போய்விடும். நாக்கு அப்படித் தாண்டாது. அதிலும், ஒரே புத்தகத்தை முப்பது நாளும் படிக்கச் சொல்லும் எஜமானன் பக்கத்தில் படுத்திருக்கும்போது!

இந்தப் புத்தகங்கள் எல்லாமே இவ்வளவு உசத்தி என்று சொல்ல மாட்டேன். ஆங்கிலப் பாட்டுக்கு அடியின் கடைசியில் ஓசை ஒத்து வர வேண்டும். நாம் இயைபு என்கிறோமே, அது. டைனோசர்ப் பெயர்களில் பாதி 'சாரஸ்' என்று முடிவதால், 'கோரஸ்' என்ற சொல்லைக் கொண்டுவந்து அண்டை கொடுத்துவிடுகிறார்கள். பத்துப் புத்தகத்தைப் புரட்டினால் பல்லிகள் கூட்டமாகக் கூடிக் கோரஸ் பாடாத புத்தகம் அபூர்வம்.

அதைவிடப் பெரிய குற்றம் காலக் கணக்கு. ஸ்டெகோசாரஸ் 15 கோடி வருஷத்துக்கு முந்தியது. டைரனோசாரஸ் மறைந்ததோ 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னே. அதாவது, ஸ்டெகோசாரஸுக்கும் டைரனோசாரஸுக்கும் இடையே உள்ள தூரம், டைரனோசாரஸுக்கும் நமக்கும் உள்ள தூரத்தை விட அதிகம். பாட்டுப் புத்தகத்தில் இரண்டும் கைகோத்து நாட்டியமாடுகின்றன. கம்பரையும் பாரதியாரையும் ஒரே திண்ணையில் உட்கார்த்தி வெற்றிலை போட வைத்தால் கூட இவ்வளவு அக்கிரமம் ஆகாது. சிடன்ஹாம் தோட்டத்தில் ஹாக்கின்ஸும் அவருடைய சகாக்களும் பிராணிகளைக் கால வரிசைப்படி, யுகத்துக்கு ஓர் இடமாக, பிரித்துத்தான் நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் உருவம் தப்பு, வரிசை சரி. இந்தக் காலப் புத்தகத்தில் உருவம் சரி, வரிசை தப்பு.

"குழந்தைக்குத் தப்பைச் சொல்லிக் கொடுக்கலாமா?" என்று ஒரு பள்ளி ஆசிரியர் என்னிடம் கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம். ஆனால் அவரே சற்று நேரம் கழித்து ஒன்று சொன்னார். அவர் வகுப்பில் எழுத்துக் கூட்டவே திணறுகிற ஒரு பையன் இருக்கிறானாம். 'பாராசாரோலோபஸ்' என்றால் மட்டும் மளமளவென்று சொல்கிறானாம். ஆசிரியர் சொன்னால் திருத்தக் கூடச் செய்கிறானாம். எனக்கு இதில் ஆச்சரியம் ஏற்படவில்லை. வீட்டிலேயே சின்னவன் குழந்தை. அவனை விடப் பெரியவர்கள்தான் எல்லாரும். எல்லாருக்கும் எல்லாம் தெரியும். இந்த ஒரு விஷயத்தில்தான் அப்பாவுக்கு நாக்குக் குழறுகிறது, அவனுக்குக் குழறவில்லை. வீட்டுப் பெரியவர்களை விடப் பன்மடங்கு பெரிய பிராணி அவன் கட்சியில் இருக்கிறது. அதுவும் செத்துப்போன பிராணி, கட்டிலுக்கு அடியிலிருந்து வர முடியாத பிராணி. இந்தப் பதவியை எந்தக் குழந்தைதான் விட்டுக் கொடுக்கும்? காலக் கணக்கைப் பத்து வயதில் திருத்திக்கொள்ளலாம். நாலு வயதில் கிடைக்காத பதவி பத்து வயதில் கிடைக்காது.

நம் தேசத்துக்கும் இந்தப் பல்லிகளுக்கும் பழைய உறவு உண்டு. ஓவன் பெயர் வைப்பதற்கு 14 வருஷம் முன்னதாக, 1828-ல், ஜபல்பூருக்குப் பக்கத்தில் ஒரு குன்றில் ராட்சஸ முதுகெலும்புத் துண்டுகள் அகப்பட்டன. கண்டெடுத்தவர் பிற்காலத்தில் தக்கர்களை ஒழித்துப் பெயர் வாங்கிய ஸ்லீமன். 1877-ல் அதற்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார்கள். கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த இன்னொரு பெரிய பிராணிக்கு 1975-ல் வைத்த பெயர் பராபாசாரஸ் டாகோரெய். வங்காளியில் 'பரா பா' என்றால் பெரிய கால். பின் பாதி மகாகவி தாகூர். அவருடைய நூற்றாண்டு விழாச் சமயத்தில் தோண்டிய எலும்புகளாம். ஒரு கவியின் பெயரைச் சுமக்கிற டைனோசர் வங்காளத்தில் இருக்கிறது. கல்கத்தாவில் புள்ளிவிவர ஆராய்ச்சிக் கழகத்துக் காட்சி சாலையில் எலும்புக் கூடாக நிற்கிறது.

தமிழ்நாட்டின் பங்கு அரியலூர்ச் சீமை. ஒரு காலத்தில் கடல் ஏறி இறங்கிய பூமி. சுண்ணாம்புக் கல்லில் சிப்பியும் சங்கும் இன்றும் கிடைக்கும். அங்கே அகப்பட்ட ஒரு பிராணிக்கு 1979-ல் திராவிடோசாரஸ் என்று பெயரிட்டார்கள். அது டைனோசரே அல்ல, கடல் வாழ் பல்லி என்று 1996-ல் வேறு ஆராய்ச்சியாளர் வாதாடினார். பெயரில் திராவிடம் இருந்தால் வாதம் இல்லாமல் போகுமா?

கல்லமேடு என்ற ஊருக்குப் பக்கத்தில் கிடைத்ததுதான் பெரிய சமாசாரம். யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியல் நிபுணர்கள் 1987-ல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். முழங்காலுக்குக் கீழேயுள்ள ஒரே எலும்பு 2 மீட்டர் நீளம். முதலில் மாமிசம் தின்னும் பிராணி என்று நினைத்தார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர பட்சணி என்று ஆயிற்று. 100 டன்னுக்கு மேல் எடை என்று மதிப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் பூமியின்மேல் கால் ஊன்றி நடந்த பிராணிகளில் இதற்கு மிஞ்சியது இருக்க முடியாது. பெயர், புருஹத்காயோசாரஸ். 'பிருஹத்' என்றால் பெரியது. காயம் என்றால் உடம்பு. அதே அரியலூர் ஜில்லாவில் கங்கைகொண்ட சோழபுரத்துப் பிருகதீசுவரர் கோயில் கொண்டிருக்கிறார்; பெயரில் அவருக்கும் இதற்கும் முதல் சொல் ஒன்றுதான்.

தமிழில் பாட வேண்டுமானால் 'சாரஸ்' முடிவைத் தேடி அலைய வேண்டியதில்லை. நமக்கு ஓசை அடியின் தலையிலேயே இருக்கிறது.

நீண்ட கழுத்து டிப்ளோடோகஸ்
தாண்டி வருது, தள்ளி நில்!

என்றால் எதுகையும் ஆயிற்று, மோனையும் ஆயிற்று. குழந்தை கையைத் தட்டிக்கொண்டு தள்ளியும் நிற்கும். நம் குழந்தைப் பாடல்களில் யானையும் காக்கையும் நடக்கிற நடையிலேயே இதுவும் நடக்கும். படம் போட ஒரு நல்ல ஓவியரும், தாளுக்குக் கஞ்சத்தனம் பண்ணாத ஒரு பதிப்பாளரும் வேண்டும். கல்லமேட்டுப் பிராணிக்கு முதல் புத்தகம் போட வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால் அதன் எலும்புகள் இப்போது இல்லை. களிமண்ணில் ஊறிக் கிடந்தவை, வெளியே எடுத்ததும் மழையிலும் ஈரத்திலும் நொறுங்கி, ஆராய்ச்சி சாலையில் பத்திரப்படுத்துவதற்குள் பொடியாகிவிட்டன. சில கோட்டுப் படங்களும் சில புகைப்படங்களும்தான் மிச்சம். சிடன்ஹாமில் தப்பான கொம்போடு நிற்கிற இகுவானோடானுக்காவது 600 செங்கல் இருக்கிறது. அத்தனை பெரிய உடம்புக்கு இங்கே இருப்பது ஒரு பெயர்; நாலு வயதுக் குழந்தை ஒரே மூச்சில் சொல்லக்கூடிய பெயர்.